விழுந்தவர் சொல்வதே காரணம்

ரிமோட்டில் இயங்கும் ஹெலிகாப்டர் தரையில் விழும் சத்தத்தை நான் இதுவரை நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறேன். எங்கள் நோட்டில் நூற்றுப் பதினொன்றுதான் இருக்கிறது. விட்டுப்போன ஒன்று என்னால் விட்டுப்போனது. ஆறு வருடத்தில் ஒன்றுதானே என்று யாரும் சொல்லலாம். அந்த ஒன்றால் ஒரு மனிதர் தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. போர்ட் பிளேர் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து வலையில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. வீடு பத்துபஸ்தியில், விமான நிலையத்துக்குப் பக்கம். காலையிலிருந்து எத்தனை விமானம் இறங்கியது, எத்தனை ஏறியது என்று எனக்குத் தெரியும். ஒன்று தாமதமானால் மனம் ஒரு நிலையில் இருக்காது. "நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் கீழ இறங்குமாக்கும்" என்பாள் மனைவி.

அந்த மனிதரை, நான் பாய் என்று கூப்பிடுபவரை, சந்தித்தது ஒரு குடை வாங்கப் போனபோது. டெலானிபூர் மேட்டில் அவருக்கு ஒரு ஸ்டோர் உண்டு. குடை, டார்ச், சோப்பு, பிஸ்கட், தீவில் ஒருவருக்குத் திடீரென்று தேவைப்படும் எல்லாமும். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம்; அவர் பிறந்தது இங்கேதான். என்னைவிட ஆறு வயது இளையவர். அன்று கல்லா மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, கை நீள ஹெலிகாப்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். வளைகுடாவிலிருந்து மருமகன் கொண்டுவந்ததாம், முதல் நாளே வால் ஒடிந்துவிட்டதாம். அவர் குடையை எடுக்க உள்ளே போன நேரத்தில் நான் எண்ணிவிட்டேன்.

"பாய், திருகாணி ஒண்ணு குறையுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"துளை பதினேழு இருக்கு. திருகாணி பதினாறுதான் இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். பதினேழாவது, தராசுத் தட்டில் சர்க்கரையோடு கிடந்தது. "அண்ணே, உக்காருங்க, சாய் சொல்றேன்" என்றார். அப்படி ஆரம்பித்தது.

இரண்டு மாதத்தில் நானும் அதே வகையில் ஒன்று வாங்கினேன். அவருடையது மஞ்சள், என்னுடையது வெள்ளை. முக்கால் கிலோ எடை, ஒரு பேட்டரிக்கு ஆறு நிமிடப் பறத்தல். நகரத்துக்குள் இதையெல்லாம் பறக்கவிட முடியாது. என் வீட்டுப் பக்கம் பட்டம் விட்டாலே கேள்வி வரும். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, ஞாயிறுதோறும் சாத்தமிலிருந்து ஃபெரி ஏறி பாம்பூஃப்ளாட் போவோம். ஜெட்டியிலிருந்து ஆட்டோவில் பதினொரு நிமிடத்தில் ஒரு வெட்டவெளி. ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். சுனாமியில் கடல் ஏறி உப்பாகிப் போனபின் புல்லைத் தவிர எதுவும் வளரவில்லை. விழுவதற்கு நல்ல இடம். மண் மெத்தென்று இருக்கும்.

இதை ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரின் வால் நம் பக்கம் இருக்கும்வரை சிக்கலில்லை. வலது என்றால் வலது. அது திரும்பி நம்மைப் பார்த்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். அதன் வலது நமக்கு இடது. நாற்பதடி உயரத்தில் கை நீளப் பொருளுக்கு மூக்கு எது, வால் எது என்று கண் சொல்ல வேண்டும், கண் சொன்னதைக் கட்டைவிரல் யோசிக்காமல் செய்ய வேண்டும். யோசித்தால் விழுந்தது. நான் எப்போதும் யோசித்தேன். பாய் யோசிக்கவே மாட்டார். அவர் கையில் அது தண்ணீரில் மீன் மாதிரி திரும்பும். குட்டிக்கரணம் அடிக்கும். தலைகீழாக நிற்கும். ஆறு வருடத்தில் அவர் விழுந்தது பதினெட்டு முறை. நான் தொண்ணூற்று மூன்று. இது நோட்டுக் கணக்கு.

நோட்டு என் ஏற்பாடு. எண், நாள், யார், உடைந்தவை, காரணம் என்று ஐந்து கட்டம். முதல் வருடம் காரணத்தில்தான் சண்டை வரும். நான் காற்று என்பேன்.

"காத்தா? ஒரு இலை அசையல அண்ணே."

"மேலே இருந்தது."

"மேல இருந்தா பருந்து விழுந்திருக்கணுமே, நீங்க ஏன் விழுந்தீங்க?"

ஒருமுறை அப்படிப் பேசிப் பேசி, திரும்பும்போது ஃபெரியில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து வந்தோம். அடுத்த ஞாயிறு பாயே ஒரு சட்டம் சொன்னார். விழுந்தவர் சொல்வதே காரணம். அவர் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். குறுக்கே கேட்கக் கூடாது. "மைய்யித்து வீட்ல போயி ஏன் செத்தாருன்னு கேப்பாங்களா? அது மாரி" என்றார். அதன்பின் சண்டை இல்லை. என் தொண்ணூற்று மூன்றில் திசை குழம்பியது ஐம்பத்தொன்று, காற்று பதினான்கு, திருகாணி முடுக்க மறந்தது எட்டு, பேட்டரி தீர்ந்தது ஆறு, மரம் எட்டு, தெரியவில்லை ஆறு. அந்தப் பதினான்கு காற்றையும் பாய் ஒரு வார்த்தை பேசாமல், அழகான கையெழுத்தில் எழுதினார்.

பறப்பது அவர் என்றால் பழுது பார்ப்பது நான். விழுந்த ஹெலிகாப்டரில் எதையும் நம்பக் கூடாது என்பது என் கொள்கை. வளைந்த தண்டை நிமிர்த்திப் போட விடமாட்டேன். நேராகத் தெரிந்தாலும் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்ப்பேன். மயிரிழை ஆடினாலும் குப்பைக்குத்தான். பாய் தலையில் அடித்துக்கொள்வார். "நல்ல சாமான் அண்ணே, மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வர இருபது நாள் ஆவும்" என்பார். "வரட்டும்" என்பேன். அவருடைய நல்ல சாமான்கள் எத்தனையை நான் தூக்கி எறிய வைத்திருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. இதைப் பிறகு நினைத்து நொந்தேன்.

சென்ற வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் பாய் தடுமாற ஆரம்பித்தார். மஞ்சள் ஹெலிகாப்டர் தூரம் போனால் கண்ணைச் சுருக்குவார். இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொன்னார். முதலில் வலது, இரண்டு மூன்று மாதம் கழித்து இடது. வலது கண்ணில் அறுவை நடந்தது. ஆறு வாரம் தூசி கூடாது, வெயில் கூடாது, குனியக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, என் மிஷின் சும்மா கெடந்தா கெட்டுப் போயிரும். வாரத்துக்கு ஒருக்கா எடுத்து சும்மா ஒரே எடத்துல நிறுத்திப் பறந்து வைங்க. கரணம் கிரணம் போட்றாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம்தான். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. தனியாகப் போயிருந்தேன். வயலோரம் இருக்கும் டீக்கடைகூட அன்று அடைத்திருந்தது. அவருடைய ஹெலிகாப்டர் என்னுடையதைவிட நன்றாகப் பறப்பதாக எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி பிரித்துப் பூட்டியவன் நான், ஆனாலும் சந்தேகம். அவருடையதில் போட்டால் குட்டிக்கரணம் வந்துவிடும் என்று தோன்றியது. எழுபது வயதில், ஆளில்லாத வயலில், அப்படித் தோன்றியது. பாதி வந்தது. மீதிப் பாதியில் தரை இருந்தது.

பொறுக்கியவை இருபத்திரண்டு துண்டுகள். நோட்டை எடுத்தேன். சட்டப்படி நான் சொல்ல மற்றவர் எழுத வேண்டும், மற்றவர் இல்லை. அதைச் சாக்காக வைத்து மூடிவிட்டேன். பாய் வருவதற்குள் புதிதுபோல் செய்துவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன்.

பிளேடு, வால் குழாய், தண்டு எல்லாம் என்னிடம் இருந்தன. இல்லாதது ஒரு சர்வோ. மேலே சுற்றும் தட்டைச் சாய்க்க மூன்று குட்டி மோட்டார்கள் உண்டு, அவைதான் சர்வோ. நகக்கண் அளவுப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கும். விழும்போது ஒரு பல் உடைந்தால் வெளியே தெரியாது. கையால் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் தடுக்கும். அவருடைய மூன்றில் ஒன்று தடுக்கியது. திறந்து பார்த்தேன். ஒரு பல்லின் முனை இல்லை.

சென்னைக்குப் புது சர்வோ சொன்னேன். தனியாக அனுப்பியிருந்தால் விமானத் தபாலில் ஆறு நாளில் வந்திருக்கும். எனக்கு இரண்டு பேட்டரியும் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே பார்சலாகப் போடச் சொன்னேன். பார்சல் ஒன்று என்றால் கணக்கு ஒன்று. இந்தப் பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று தீவில் எல்லாருக்கும் தெரியும், முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் இருந்தவனுக்குத் தெரியாதா? பார்சல் கப்பலுக்குப் போனது. கடலில் காற்றழுத்தம், கப்பல் சென்னையிலேயே நின்றது. நாள்தோறும் கேட்டேன். நாளைக்கு என்றார்கள், நாளை மறுநாள் என்றார்கள்.

ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை பாய் போன் செய்தார். "அண்ணே, டாக்டர் விட்டுட்டார். நாளைக்கு சலோ."

மிஷின் தயாராக இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். என் வெள்ளை ஹெலிகாப்டரில் மூன்று நல்ல சர்வோக்கள் இருந்தன. ஒன்றைக் கழற்றி அவருடையதில் போட்டிருக்கலாம். இரண்டு திருகாணி, ஒரு இணைப்பு, பதினைந்து நிமிட வேலை. அப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை நான் பறக்க முடியாது. அது ஒரு காரணமா என்றால், அன்று அது எனக்குக் காரணமாக இருந்தது. உடைந்த பல் நடுவில் வராமல் ஓரத்துக்குப் போகும்படி சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன். ஒரு பக்கம் முழுதாகச் சாய்த்தால்தான் அந்தப் பல் வரும். அறுவைக்குப் பின் முதல் நாள், பாய் மெதுவாகத்தான் பறப்பார், அவ்வளவு சாய்க்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய நல்ல சாமானையெல்லாம் குப்பையில் போட வைத்தவன் சொல்லிக்கொண்டது.

ஞாயிறு காலை ஃபெரியில் அவர் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"அண்ணே, இந்தத் தண்ணி இவ்வளவு நீலமா?"

"நீலம்தான்."

"இத்தன வருஷமா யாராச்சும் சொன்னீங்களா? நான் டீத் தண்ணி மாரி இருக்குன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்." ஒரு கண்ணை மூடித் திறந்தார், மறு கண்ணை மூடித் திறந்தார். "இது பழைய டிவி. இது புது டிவி. அந்தப் பழசையும் சீக்கிரம் மாத்திப்புடணும்."

பக்கத்தில் நின்ற ஒரு பெங்காலிப் பெரியவரிடமும் அதையே ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. என் மடியில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அந்த சர்வோ இருந்தது.

வயலில் டீக்கடைக்காரர் கையைத் தட்டினார். அவர் தெலுங்குக்காரர், எங்களோடு தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார். "பாய் ஆ கயா! அங்கிள் இத்தன நாள் தனியா வந்துட்டு இருந்தார். ஆஜ் கித்னா பார் கிரேகா, அங்கிள்?" இன்று எத்தனை முறை விழும் என்று கேட்பதுதான் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம்.

"இன்னைக்கு சும்மா நிறுத்திப் பறங்க பாய். போதும்."

"டீக் ஹை, டீக் ஹை."

நான்கு நிமிடம் சொன்னபடியே பறந்தார். கண்ணுயரத்தில் நிறுத்தினார், மெல்ல வட்டம் போட்டார். நான் அவர் தோளோடு ஒட்டி நின்றேன். ஒருவர் பறக்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று நேரம் சொல்ல வேண்டும். நான் வானத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, திருகாணித் தலை தெரியுதுண்ணே எனக்கு! அங்கேர்ந்து தெரியுது!"

"நாலு நிமிஷம் ஆச்சு. இறக்கிடுங்க."

"ஒரே ரவுண்டு."

இறக்குங்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் காரணம் கேட்பார் என்ற பயம் அந்த நேரத்திலும் இருந்தது. ஹெலிகாப்டர் தூரம் போய், திரும்பி, எங்களைப் பார்த்தபடி வேகமாக வந்தது. முழுதாகச் சாய்த்துத் திருப்பினார். சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது. அவர் வலது கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போனதை நான் பார்த்தேன். சரியான பக்கம், சரியான நேரம், ரிமோட்டின் குச்சி போகும் மட்டும் போனது. ஹெலிகாப்டர் கேட்கவில்லை. ஒன்றரை நொடி இருக்கும். மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டினார். பிறகு அந்தச் சத்தம்.

பாய் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றிப் புல்லில் வைத்தார்.

"எழுதுங்க அண்ணே."

"இருங்க, முதல்ல மிஷினைப் பார்ப்போம்."

"மிஷின்ல என்ன பாக்குறது? நீங்க செஞ்ச மிஷின்." கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எழுதுங்க. கண்ணு. வலதுன்னு நெனச்சு இடது குடுத்துட்டேன்."

"பாய், நீங்க சரியாத்தான்..."

"சட்டம் என்ன?"

நூற்றுப் பதினொன்று என்று எண் போட்டேன். காரணக் கட்டத்தில், பறந்தவர் திசை தவறினார், கண், என்று எழுதினேன். என் எழுத்து ஆடவில்லை. மூட்டை எண்ணும்போது எழுதுவதுபோல் தெளிவாக இருந்தது.

அன்று மாலை சர்வோவைத் திறந்தேன். முனை உடைந்த பல்லுக்கு அடுத்த இரண்டும் போயிருந்தன. அடுத்த ஞாயிறு பாய் வரவில்லை, கடையில் வேலை என்றார். நான் தனியாக ஃபெரி ஏறினேன். நடுவழியில் அதைக் கடலில் போட்டேன். அக்கரையில் இறங்காமல் அதே ஃபெரியில் திரும்பினேன். திங்கட்கிழமை பார்சல் வந்தது.

எல்லாம் சில வாரத்தில் சரியாகிவிடும், பாய் தானாக வருவார் என்று இருந்தேன். அவர் வரவில்லை. ஸ்கூட்டரை, ஊரோடு வந்துவிட்ட மருமகனிடம் கொடுத்துவிட்டார். டெலானிபூர் படிகளில் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். கேட்டால், "ஆகாசத்துல ஏமாத்துன கண்ணு ரோட்டுல ஏமாத்தாதா?" என்பார். ஞாயிறுகளில் நான் கடைக்குப் போய் உட்காருவேன். மஞ்சள் ஹெலிகாப்டரைப் புது சர்வோ போட்டுச் சரிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்லி மேல் தட்டில், குடைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அறுபது ஞாயிறு போனேன்.

அறுபதாவது ஞாயிறு முடிந்த அந்த வாரத்தில் அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினாள்.

"மாமா, நீங்கதான் வாப்பாகிட்ட பேசணும். இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேணாம்னு ஒரு வருஷமா இழுத்துட்டு இருக்காங்க. புரை முத்திப் போச்சு, இதுக்கு மேல விட்டா சிரமம்னு டாக்டர் சொல்றார்."

"வலது கண்?"

"அதுதான் மாமா! வலது நல்லா இருக்கு, கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க. கேட்டா, போர்டுல எழுத்துப் படிக்கிறது வேற, மேல மிஷினப் பாக்குறது வேறன்னு சொல்றாங்க. ஒண்ணு கெட்டது போதும், இன்னொண்ணையும் கெடுத்துக்க மாட்டேன்றாங்க. நீங்க கூட இருந்தீங்களே அன்னிக்கு. என்னதான் நடந்துச்சு?"

அவளிடம் நான் சொல்லவில்லை. அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அன்றே டெலானிபூர் போனேன்.

கடையில் யாரும் இல்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். வியாழக்கிழமை, குட்டிக்கரணம், இருபத்திரண்டு துண்டு, கப்பலில் நின்ற பார்சல், உடைந்த பல், என் வெள்ளை ஹெலிகாப்டரில் சும்மா இருந்த மூன்று சர்வோ, அவருடைய கட்டைவிரல் சரியான பக்கம் போனது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா? என் மவளா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாய்."

"நேத்து உங்க வீட்டுப் பக்கம் போறேன்னு சொன்னா. அரே அண்ணே, பொய் சொல்றதுக்கும் ஒரு இது வேணாமா? நீங்க, பழைய சாமான் போட்டீங்க! ஒரு திருகாணிய நாலு தரம் எண்ணுற ஆளு. எங்கிட்ட இருந்து எத்தன நல்ல தண்ட புடுங்கித் தூரப் போட்டிருக்கீங்க!"

"அன்னைக்குப் போட்டேன்."

"கரணம் வேற அடிச்சீங்களாக்கும்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீங்களா! அண்ணே, நீங்க கரணம் போட்டா நானே ஊருக்கெல்லாம் பிரியாணி போட்டிருப்பேனே."

"பாதிதான் வந்துச்சு."

"சரி, அந்த சர்வோவைக் காட்டுங்க."

"கடல்ல போட்டுட்டேன்."

"அச்சா. கடல்ல." சிரிப்பு மெல்ல அடங்கியது. கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார். "நீங்க எனக்காகத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா நோட்டு இருக்கு. உங்க கையெழுத்து. நீங்க தப்பா ஒண்ணு எழுதி நான் பாத்ததில்ல."

"அதைத் திருத்திடுறேன். நோட்டு இங்கே இருக்கு."

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். விழுந்தவை நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, நூற்றுப் பதினொன்றின் காரணத்தை அடித்து, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவதாகச் சொன்னேன். அவர் நோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"விழுந்தது என் மிஷின். சொன்னது நான். நீங்க எழுதுனீங்க, அவ்வளவுதான். உங்க பதினாலு காத்தையும் நான் திருத்துனேனா?"

நான் டாக்டரிடம் வந்து சொல்கிறேன் என்றேன். மஞ்சள் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை அக்கரைக்கு வாருங்கள், புது சர்வோ, நான் தொடவே மாட்டேன், நீங்களே பிரித்துப் பாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு யாராவது, கணக்கில் சற்று முன்பின்னாக இருக்கும் ஒரு மனிதர், இதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். என்னைப் பற்றி நான் ஆறு வருடமாக அவரிடம் கட்டி வைத்திருந்ததை என்னால் ஒரு பகலில் இடிக்க முடியவில்லை.

"பாப்போம் அண்ணே. மழை முடியட்டும்" என்றார். மழை முடிந்துவிட்டது.

மகளிடமும் பிறகு சொன்னேன். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதன்பின் எனக்குத் தேநீர் தருவதில்லை. வாப்பாவிடம் அவளும் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

சென்ற ஞாயிறும் போயிருந்தேன். ஒரு பெண் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, இது எந்த மாதம் வரை என்று கேட்டாள். பாய் அதை வாங்கி, வலது கண்ணுக்கு நேரே திருப்பினார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கண்ணுக்கு அது தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார், எனக்கும் தெரியும். அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, மேசைக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

வாங்கி, படித்துச் சொன்னேன்.